உரிய லிபியில் இல்லை

மூன்றாவது முறையும் மனு திரும்பி வந்தபோது நான் எர்க்குலான் கொலாசுவுக்கு வலப்பக்கம் நின்றிருந்தேன். இடது காது அவனுக்குக் கேட்காது. கோவா மொழிப் போராட்டத்தில் பாலத்தின் மேல் வாங்கிய தடியடியில் போன காது அது.

அரசு அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தருக்குச் சின்ன வயது. கெட்டவனும் இல்லை. "பாப் எர்க்குலான், நீங்க சொல்றதெல்லாம் எனக்கு நல்லாப் புரியுது," என்றான், பெரியவர்களுக்குப் போடும் "பாப்" போட்டு. "ஆனா மனு கொங்கணியில இல்லையே."

எர்க்குலான் நல்ல காதை அவன் பக்கம் சாய்த்தான். "என்ன இல்ல?"

"கொங்கணியில இல்ல."

"இப்ப நீயும் நானும் என்ன பேசிக்கிட்டிருக்கோம்? சீனமா?"

"பேசறது கொங்கணிதான் பாப். எழுதினதுதான் கொங்கணி இல்ல. சட்டப்படி நாகரி எழுத்துல இருந்தாத்தான் கொங்கணி. நீங்க ரோமன் எழுத்துல, ஏ பி சி டியில எழுதியிருக்கீங்க."

"படிச்சுக் காட்டறேன். உங்கம்மா பேசற பேச்சா இல்லையான்னு நீயே சொல்லு."

"என்னை ஏன் பாப் வம்புல மாட்டி விடறீங்க," என்று முணுமுணுத்து, அவன் தாளை ஜன்னல் வழியாகத் தள்ளினான். மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: உரிய லிபியில் இல்லை.

எர்க்குலானின் குரல் உயரவில்லை. இருபத்திரண்டு வருஷம் கப்பல் சமையல்கட்டில் நின்றவன். கொதிப்பதை மூடி வைக்க அவனுக்குத் தெரியும். தாளை மட்டும் நான்காக மடித்துக்கொண்டான்.

பேத்துல் கிராமத்து நாற்பத்தொரு குடும்பங்களுக்காக எழுதிய மனு அது. அவர்களுடைய ஆற்றோரத்து வயல்களைக் கடலிடமிருந்து காப்பது ஒரு மண்கரையும் அதிலுள்ள மதகும்தான். கடல் நீர் ஏறும்போது மதகுப் பலகைகள் மூடிக்கொள்ளும், இறங்கும்போது திறக்கும். அந்த மதகில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவன், இறால் அதிகம் வரட்டும் என்று பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டான். ஏப்ரலிலிருந்து உப்புத் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை வயலுக்குள் புகுந்து நின்றது. அன்று மே பத்து. ஜூன் முதல் வாரம் மழை. அதற்குள் மதகு அடைபடாவிட்டால் விதை நெல்லைக் கஞ்சி வைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

எர்க்குலானை எழுத்தாளன் என்று சொன்னால் மட்காவ் நகரத்தில் படித்தவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். அவன் பதினான்கு நாவல் எழுதியிருக்கிறான். பாதிக்கு மேல் பம்பாயில், அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கையில், ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கும் வீட்டில், தகரப் பெட்டியை மடியில் வைத்து எழுதியவை. மட்டமான தாளில் அச்சாகி, மாதா கோயில் திருவிழாக் கடைகளில் கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில் விற்கும். மீன்காரிகளும் ரொட்டி சுடுகிறவர்களும் மாலுமிகளின் பெண்டாட்டிகளும் வாங்கிப் போவார்கள். அவர்களுக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். ஜெபப் புத்தகம் அதில்தான் இருந்தது, கப்பலிலிருந்து வரும் கடிதமும் அதில்தான் இருந்தது. எர்க்குலானின் மனைவி பிதாத் வாசிக்கக் கற்றதே ஏடனிலிருந்தும் மொம்பாஸாவிலிருந்தும் அவன் போட்ட கடிதங்களைப் பார்த்துத்தான்.

நான் வேறு ரகம். பெயர் ஜயவந்த் குட்டிகார். மட்காவில் மராட்டி வாத்தியாராக இருந்தவன். எங்கள் வீட்டில் சாமியிடம் மராட்டி, சபையில் மராட்டி, அடுப்படியில் மட்டும் கொங்கணி. நான் கொங்கணியில் கதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் என் மாமா, "அடுப்படிப் பேச்சுக்கு எதுக்குடா பேனா?" என்று கேட்டார். இன்றுவரை அந்தக் கேள்வி என்னை எரிக்கிறது. அறுபத்தாறில், கோவாவைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிடலாமா என்ற பேச்சு சூடாக நடந்தபோது, மட்காவ் மைதானத்தில் எர்க்குலான் பேசுவதைக் கேட்டேன். "நம்ம பாஷைக்கு இலக்கணம் இல்லன்னு சொல்றான். இல்லாமலா அவனை நான் இத்தனை திட்டறேன்?" என்றான். கூட்டம் உருண்டு சிரித்தது. அன்று மாலையே போய்ப் பேசினேன்.

அதன்பின் இருபது வருஷம் ஒன்றாகச் சுற்றினோம். நான் நாகரியில் எழுதுவேன், அவன் ரோமனில் எழுதுவான். "கொடியில துணி காயப்போட்ட மாதிரி இருக்குடா உன் எழுத்து," என்பான். "உன்னுது போர்த்துகீசியன் விட்டுட்டுப் போன கால்சட்டை," என்பேன் நான். ஒருவன் எழுதியதை மற்றவன் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்போம். காதில் விழும்போது வித்தியாசம் எதுவும் இல்லை.

எண்பத்தாறு டிசம்பரில், கொங்கணியை ஆட்சிமொழி ஆக்கச் சொல்லி ரோட்டுக்கு வந்தோம். தினம் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினான் எர்க்குலான். அதைப் படித்துவிட்டுத்தான் கடலோரத்து ஜனம் படகை மணலில் ஏற்றிவிட்டுப் பாலத்தை மறிக்க வந்தது. என் கதைகளைப் படித்துவிட்டு யாரும் எங்கும் வந்ததில்லை. தடியடி நடந்தபோது அவன் முன்வரிசையில் இருந்தான். நான் பின்னால் இருந்தேன், ஓடினேன்.

சில வாரங்களில் சட்டம் வந்தது. கொங்கணி ஆட்சிமொழி ஆனது. கொங்கணி என்றால் நாகரி எழுத்தில் எழுதிய கொங்கணி என்று அதில் ஒரு வரியும் இருந்தது. எர்க்குலான் கொதித்தான். "கடைசி நிமிஷத்துல அரசாங்கம் செருகிடுச்சு. திருத்த வச்சிடலாம்," என்று போராட்டத்தை நடத்தியவர்கள் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவன் நம்பினான். அடுத்த வருஷம் எனக்கு மொழித் துறையில் வேலை கிடைத்தது.

அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். அவன் டீயைத் தொடவில்லை.

"என்கிட்ட குடு," என்றேன். "பத்து நிமிஷத்துல நாகரியில எழுதித் தந்துடறேன். இன்னிக்கே வாங்கிப்பான்."

"வாங்க மாட்டேன்னு சொன்னவன் ஏன் வாங்கணும்னு கேக்கறேன் நான். நீ அவன் சொல்றபடி எழுதித் தரேங்கற."

"வயல் முழுகுது எர்க்கு."

"என் வயல் முழுகறது எனக்குத் தெரியாதா? பணஜி ஆபீஸ்ல மின்விசிறிக்குக் கீழ இருக்கறவன் வந்து சொல்லணுமா?" மனுவை மேசையில் விரித்தான். சிவப்பு மையின் மேல் விரலை வைத்தான். "நீ அந்தத் துறையிலதானே இருக்க ஜயு. ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. இந்த ஒரு வரிய எவன் எழுதினான்? அவன் பேரு எனக்கு வேணும். பதினஞ்சாவது நாவல்ல அவனை முழுசா உரிக்கப் போறேன்."

அப்போது நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எழுதினவன் யாருன்னு தெரியாது," என்றேன். "ஆனா அது வரப் போகுதுன்னு முன்னாடியே தெரியும். பாலத்துக்குப் போறதுக்கு நாலு நாள் முன்னாடி, ஒரு வீட்டு மாடியில ஏழு பேர் கூடினோம். வரப்போற சட்டத்தோட வரைவுத் தாள் ஒண்ணு கை மாத்திக் கை வந்துச்சு. அதுல அந்த வரி இருந்தது. ஒரு பாஷைக்கு ஒரு எழுத்து இருந்தாத்தான் டில்லியில மதிப்பான்னு பேசிக்கிட்டாங்க. எனக்கும் சரின்னுதான் பட்டது. எர்க்குலான்கிட்ட சொல்லணுமேன்னு கேட்டேன். இன்னும் நாலு நோட்டீஸ் எழுதட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணாடி இல்லாமல் அவன் முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு நாள்," என்றான். "நாலு நாளும் என் வீட்டுக்கு வந்த. பிதாத் மீன் குழம்பு ஊத்தினா, சாப்பிட்ட. நான் எழுதினதுக்கெல்லாம் சபாஷ் போட்ட. என் ஜனத்தை என் எழுத்தால கூப்பிட வச்சு, அவங்க தலைய உடைக்க விட்டு, அதே எழுத்தை வாசல்ல நிறுத்திட்டீங்க. போர்த்துகீசியன் எங்க பாஷைய வேலைக்காரன் பாஷைன்னான். அவன் நேராச் சொன்னான்டா. மூஞ்சியப் பார்த்துச் சொன்னான்."

"எர்க்கு..."

"கொலாசுன்னு கூப்பிடு. இல்ல, அதையும் கூப்பிடாத."

எழுந்து போனான். டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையில் மனு கிடந்தது.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். அன்று வீட்டுக்குப் போய் அந்த மனுவை நாகரியில் பிரதி எடுத்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் சந்தோஷமாக வாங்கினான். மனுதாரர் கையெழுத்து மட்டும் வேண்டும் என்றான். கிராம ஊழியர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு பேத்துலுக்குப் போனார்.

அங்கே நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். எர்க்குலான் தாளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"உங்க மனுதான் பாப்."

"என்னால படிக்க முடியலையே. படிக்க முடியாத தாள்ல கையெழுத்துப் போட்டுத்தான் எங்க ஊர் ஆளுங்க பாதிப் பேர் நிலத்தை விட்டாங்க. கொண்டு போ."

"பாப், பெரிய கடல் ஏற்றம் வருது. அமாவாசைக்கு இன்னும் அஞ்சு நாள்தான்."

"கொண்டு போன்னு சொன்னேன்."

மதகை ஒட்டியிருந்த வயல்களில் முதலாவது அவனுடையது. அது அவனுக்குத் தெரியும், அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உள்ளேயிருந்து பிதாத் வந்தாளாம். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தாளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இது யாரு எழுதினது?"

"வேற யாரு, ஜயு. மின்விசிறிக்காரன்."

"நீ எழுதினது செல்லாது. அவர் எழுதினதுல நீ கையெழுத்துப் போட மாட்ட. ரெண்டு எழுத்தாளனுக்கு நடுவுல கடல் வந்து என் வயல்ல உக்காந்திருக்கு." அவள் கத்தவில்லை என்றார் ஊழியர். கத்தியிருந்தால் பயமாக இருந்திருக்காது. "உனக்குக் கோபம் இருக்கு. நியாயமான கோபம். எனக்கும் இருக்கு. ஆனா என் கோபத்துக்கு நெல்லு வேணும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பேத்துலிலிருந்து முப்பது பெண்கள் வந்து இறங்கினார்கள். ஊழியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நானும் ஓடிப் போனேன். என்னைப் பார்த்ததும் பிதாத், "பாப் ஜயவந்த், நீங்க அந்த மூலையில நில்லுங்க. வாயத் திறக்காதீங்க," என்றாள். நின்றேன்.

அவர்கள் வரிசையில் நிற்கவில்லை. ஜன்னலைத் தாண்டி நேரே அதிகாரியின் அறைக்குள் போனார்கள். அறை கொள்ளவில்லை. பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மடியிலிருந்து வேரோடு பிடுங்கிய வெற்றிலைக் கொடியை எடுத்து மேசையில் போட்டாள், உப்பில் கருகியது. இன்னொருத்தி செம்பிலிருந்த தண்ணீரை அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

"இது எங்க கிணத்துத் தண்ணி. குடிச்சுப் பாருங்க."

அதிகாரி குடிக்கவில்லை. "அம்மா, மனு எழுதிக் குடுங்க. ஆட்சிமொழியில..."

"எங்களுக்கு எழுதத் தெரியாது," என்றாள் பிதாத். அவள் சொன்ன ஒரே பொய் அது. "பேசத் தெரியும். நாங்க சொல்றோம், நீங்க எழுதுங்க. எந்த எழுத்துல வேணும்னாலும் எழுதிக்கோங்க. வாயில இருந்து வர்றதுக்கு எந்த எழுத்தும் கிடையாது. இது செல்லாதுன்னு ஒருத்தன் சொல்லட்டும், பார்க்கறேன்."

சொன்னார்கள், ஒவ்வொருத்தியாக. வயலின் பெயர், வரப்பின் பெயர், எந்த நாளில் தண்ணீர் எதுவரை வந்தது, எந்த மாடு உப்புப் புல்லைத் தின்று கழிந்தது, குத்தகைக்காரனிடம் கேட்டபோது அவன் என்ன கெட்ட வார்த்தை சொன்னான். அந்தக் கெட்ட வார்த்தையையும் எழுதச் சொன்னார்கள். எழுத்தர் வேர்க்க விறுவிறுக்க நாகரியில் எழுதினான். நடுவில் ஒரு சொல்லுக்கு அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தான். பிதாத்தும் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை, கீழே குனிந்துகொண்டேன். இருபத்தைந்து வருஷமாகக் கொங்கணி எழுதுகிறவன் நான். அந்த அறையில் கேட்ட சொற்களில் பாதியை என் கதைகளில் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

பதினொன்றரைக்கு முடிந்தது. "விரல் ரேகை வைங்க," என்றார் அதிகாரி.

பிதாத் பேனாவை வாங்கி, ரோமன் எழுத்தில், நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். எழுத்தர் அதிகாரியைப் பார்த்தான். "சார், இது வந்து..."

"என் பேரு இப்படித்தான்," என்றாள் பிதாத். "இது செல்லாதுன்னா பாதிரியாரைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு மறுபடி ஞானஸ்நானம் குடுத்து வேற பேரு வைக்கட்டும்."

தரையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, கையை மட்டும் அசைத்தார். "இருக்கட்டும். விடு."

ஒன்பது நாள் கழித்துப் பலகைகள் வந்தன. அமாவாசை ஏற்றம் அதற்கு முன்பே வந்து போயிருந்தது. கரை ஓரிடத்தில் உடைந்து நான்கு வயல்களில் கடல் குளம்போல் தேங்கியது. உப்பு இறங்க இரண்டு மழைக்காலம் ஆகும். மற்ற முப்பத்தேழு குடும்பங்கள் விதைத்தன. விதைக்காத நான்கு வீட்டில் ஒன்று எர்க்குலான் வீடு. குத்தகைக்காரன் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. அடுத்த ஏலத்திலும் அவனே வந்து நின்றான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்துலுக்குப் போனேன். குடையைப் பிடித்துக்கொண்டு அவன் வரப்பில் நின்றிருந்தான். சுற்றிலும் பச்சை, நடுவில் அவன் வயலும் அதை ஒட்டிய மூன்றும் மட்டும் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தன. வலப்பக்கமாகப் போய் நின்றேன். சற்று விலகினான், ஆனால் போகவில்லை.

"வேலைய விட்டுட்டேன்," என்றேன். "பள்ளிக்கூடத்துக்கே திரும்பப் போறேன்."

"அதனால என் வயல்ல உப்பு இறங்கிடுமா?"

"இல்ல."

மழை குடைமேல் அறைந்தது. குடையைக் கை மாற்றிக்கொண்டு அவனே பேசினான்.

"பயந்து ஓடினியே அன்னிக்கு, அதை நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டினதில்ல. பயம் எல்லாருக்கும் வரும். இது வேற. அந்த மாடியில இருந்து இறங்கி வந்து, எர்க்கு, சட்டம் வரப் போகுது, அதுல உன் எழுத்து இருக்காதுன்னு நீ சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைக்கற?"

வரப்புச் சேற்றில் நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

"சண்டை போட்டிருப்பேன். உன்னையும் அந்த ஆறு பேரையும் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பேன். விட்டுட்டு, பாலத்துக்கும் போயிருப்பேன். என் எழுத்து இல்லன்னாலும் பாஷை என்னுதுதானேடா." குரல் உடைந்தது, உடனே சரி செய்துகொண்டான். "நான் போக மாட்டேன்னு நினைச்சுட்டீங்க. நீ, என்னைப் பத்தி, அப்படி நினைச்சுட்ட. இதை என்னால விழுங்க முடியல. இனிமேலும் முடியாது. நீ போ."

போனேன்.

அந்த டிசம்பரில் எழுத்தாளர் மாநாட்டில் எழுந்து நின்று, மாடியில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். மற்ற ஆறு பேர் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரைச் சொன்னேன். அந்த வரி மாற வேண்டும் என்றேன். பாதி அரங்கம் எழுந்து வெளியே போனது. மிச்சமிருந்தவர்களில் ஒருவர், "போர்த்துகீசியன்கிட்ட இன்னும் எவ்வளவு வாங்கற?" என்று கேட்டார். அந்த வரி மாறவில்லை.

மாநாட்டுக்கு எர்க்குலானை யாரும் அழைத்திருக்கவில்லை. நான் பேசியது ரோமன் எழுத்துக் கொங்கணிச் செய்தித்தாளிலும் வந்தது. பதினைந்து நாள் கழித்து பிதாத் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் இறால் ஊறுகாய்ப் புட்டி.

"அவர் அனுப்பல," என்றாள் முதல் வார்த்தையாக. "நானாத்தான் கொண்டு வந்தேன்."

"உள்ள வாங்க அண்ணி."

"பஸ் போயிடும். பேப்பரை அவர் தொடல, நான்தான் வந்ததைப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை படிக்கச் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"வெளிய போய் விறகு உடைச்சார். தேவைக்கு மேல உடைச்சார்." புட்டியை என் கையில் வைத்தாள். "பேசுவார்னு எதிர்பார்க்காதீங்க. ஒரு படகு விஷயத்துக்காகக் கூடப் பிறந்த அண்ணன்கிட்ட பதினோரு வருஷம் பேசாத மனுஷன். ஊறுகாயைச் சீக்கிரம் சாப்பிட்டு முடிங்க. வினிகர் கம்மியா ஊத்திட்டேன்."

அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தாள். அந்த வாரம் வெளிவந்த பத்திரிகையில் எர்க்குலானின் பதினைந்தாவது நாவலின் முதல் அத்தியாயம் வந்திருந்தது. மட்காவ் வாத்தியார் ஒருவன் அதில் வருகிறான், தொப்பை விழுந்தவன், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொள்கிறவன். உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக, வாய்விட்டுப் படித்தேன். அந்த வாத்தியாரைப் பற்றி எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை.